படிச்சால் இதைப் படிக்கோணும்!

நல்ல பட்டப்படிப்பு எது என்று என்னிடம் கேட்காதீர்கள். நான் ஒருபக்கச் சாட்சி. கேட்டால் பிஎஸ்சி உளவியல் என்றுதான் சொல்வேன். ஏன் என்றும் கேட்டால், உங்கள் தேத்தண்ணி ஆறிப் பச்சைத்தண்ணி ஆகும்வரை கதைப்பேன். கேட்டுவிட்டீர்கள் என்றே வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

ஏ9 வீதியில் புளியங்குளம் தாண்டி, மாங்குளத்துக்கு முன்னால் வருவது எங்கள் கனகராயன்குளம். இங்கே ஒரு பிள்ளை கம்பஸ் படிக்குது என்றால் டாக்குத்தர், எஞ்சினியர், ரீச்சர், கணக்காளர் என்று ஊருக்குப் பிடிபட்ட படிப்புகள் சில உண்டு. "உளவியல்" என்று சொன்னதும் மூன்று கேள்விகள் வரிசையில் வந்து நிற்கும். "பைத்தியத்துக்கு மருந்து குடுக்கிற படிப்போ?" "அப்ப நான் இப்ப மனசுக்குள்ள என்ன நினைக்கிறன், சொல்லு பாப்பம்?" "உதைப் படிச்சு என்ன வேலை எடுக்கப் போறாய் பிள்ளை?" முதல் இரண்டுக்கும் பதில், இல்லை. மருந்து எழுதுபவர் மருத்துவம் படித்த மனநல வைத்தியர். மனசை வாசிப்பது சாத்திரியாரின் தொழில். அதில் நாங்கள் தலையிடுவதில்லை. மூன்றாவது கேள்வி நியாயமான கேள்வி. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

உயர்தரத்தில் உளவியல் என்றொரு பாடமே எங்களுக்கு இல்லை. உயிரியல் படித்து, மருத்துவத்துக்கு இசட் ஸ்கோர் காணாமல் நின்றபோதுதான் இப்படி ஒரு பட்டம் இருப்பது என் கண்ணில் பட்டது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் பேராதனையிலும் உளவியல் கலைப்பீடத்துப் பாடம். இலங்கைத் திறந்த பல்கலைக்கழகமோ அதை விஞ்ஞான இளமாணி கௌரவப் பட்டமாக, சுகாதார விஞ்ஞான பீடத்துக்குள் வைத்திருக்கிறது. 1980இல் தொடங்கிய பல்கலைக்கழகம். தலைமையிடம் கொழும்புக்குப் பக்கத்தில் நாவல. நான்கு வருடப் படிப்பு, ஆங்கில மொழியில். புத்தகத்தை வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்து, வயல் வேலைக்கும் ஒரு கை கொடுத்துக்கொண்டு படிக்கலாம். ஒப்படைகள், தொடர் மதிப்பீடு, பரீட்சை என்று கழுத்தைப் பிடிக்கும் நேரங்களும் உண்டு. ஆனால் பாடத்தின் ருசி தெரிந்துவிட்டால் அதெல்லாம் பெரிதாகத் தெரியாது.

அந்த ருசிதான் என்ன? மனசைப் பற்றி ஊரில் எல்லோருக்கும் ஒரு கருத்து இருக்கிறது. ஏன் அவன் குடிக்கிறான், ஏன் இவள் கதைக்காமல் இருக்கிறாள், எந்தப் பிள்ளை உருப்படும் என்றெல்லாம் திண்ணைக்குத் திண்ணை தீர்ப்புச் சொல்ல ஆள் இருக்கிறது. "சரி, அது உண்மையோ என்று எப்படிக் கண்டுபிடிப்பது?" என்று கேட்கத்தான் ஆள் இல்லை. பிஎஸ்சி உளவியல் கற்றுத்தருவது அந்த ஒரு கேள்வியை. உயிரியல் உளவியல், அறிகை, வளர்ச்சி, சமூகம், பிறழ்நடத்தை, ஆய்வுமுறை என்று எந்தக் கதவால் உள்ளே போனாலும் உள்ளே இருப்பது அந்தக் கேள்விதான்.

நான் முதலில் விழுந்த இடம் எபிங்கவுஸ். 1879இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் உளவியலுக்கென்று ஆய்வுகூடம் திறந்தார். சில வருடங்கள் கழித்து, 1885இல், ஹேர்மன் எபிங்கவுஸ் ஞாபகத்தையே அளந்து ஒரு புத்தகம் போட்டார். யாரை வைத்து அளந்தார் தெரியுமோ? தன்னைத்தானே வைத்து! அர்த்தமில்லாத அசைகள் ஏறக்குறைய 2,300 உண்டாக்கி, அவற்றைப் பாடமாக்கி, மறக்கவிட்டு, திரும்பப் பாடமாக்கும்போது எவ்வளவு நேரம் மிச்சம் என்று கணக்கெழுதினார். ஒரு மணித்தியாலத்துக்குள் பாதிக்கு மேல் போய்விடுகிறது. ஒரு நாள் போனால் மூன்றில் ஒரு பங்குதான் கையில். ஆனால் ஒரு மாதம் கழிந்தும் ஐந்தில் ஒரு பங்கு நிற்கிறது! மறதி முதலில் விழுந்தடித்து ஓடுகிறது, பிறகு ஆறுதலாக நடக்கிறது. மறதிக்குக்கூட ஒரு ஒழுங்கு இருக்கிறது என்று தெரிந்த அன்று எனக்கு நித்திரை வரவில்லை.

இந்தச் சோதனைக்குத் தமிழைப் போல வசதியான மொழி உண்டோ! 216 உயிர்மெய்களும் கையில் இருக்கின்றன. ஙொணு, ழைஞெ, றௌமே என்று எந்த அகராதியிலும் இல்லாத அசைகளை எழுதித் தம்பியிடம் கொடுத்தேன். ஒரே இருப்பில் பாடமாக்கிய பட்டியலும் நாளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துப் பாடமாக்கிய பட்டியலும் அடுத்த கிழமை அவன் தலையில் எப்படி நின்றன என்று பார்த்தோம். பிரித்துப் படித்தது வென்றது. எபிங்கவுஸும் அதையே கண்டிருக்கிறார். பின்னால் வந்த எத்தனையோ ஆய்வுகளும் அதையே சொல்கின்றன. அன்றைக்கே வீட்டில் புதுச் சட்டம் வந்தது: சோதனைக்கு முதல் நாள் விடிய விடிய விளக்குக் கொளுத்திப் படிக்கிற வேலை இனி இல்லை.

அடுத்தது ஸ்ட்ரூப். ஜோன் ரிட்லி ஸ்ட்ரூப் 1935இல் வெளியிட்ட இந்தச் சோதனைக்குக் கலர்ப் பேனைப் பெட்டி ஒன்று போதும். "சிவப்பு" என்ற சொல்லை நீல மையில் எழுதுங்கள், "பச்சை" என்பதை மஞ்சளில். சொல்லை வாசிக்காமல் மையின் நிறத்தை மட்டும் சொல்லச் சொல்லுங்கள். எங்கள் முற்றத்தில் நடந்த கூத்தைப் பார்த்திருக்க வேண்டும்! ஊர்க் கூட்டத்தில் மைக் பிடித்துக் கதைக்கிற பெரியப்பா "நீ... சி... சை, பொறு பிள்ளை" என்று திணறுகிறார். சித்தி சிரித்தே தோற்றுப்போனார். எழுத்துக் கூட்டத் தெரியாத சின்னவன் மட்டும் வெறும் நிறப்புள்ளிகள் இருந்த தாளையும் சொற்கள் இருந்த தாளையும் ஒரே வேகத்தில் சொல்லி முடித்தான். வாசிக்கப் பழகியவருக்கு வாசிக்காமல் இருக்க முடியாது. மூளை எங்களைக் கேட்காமலே வாசித்துவிடுகிறது. ஒரு தாள், நாலு பேனை, கைப்பேசியில் இருக்கிற நேரமானி. இவ்வளவு மலிவாக இவ்வளவு பெரிய உண்மையைத் தருகிற வேறு விஞ்ஞானம் எது, சொல்லுங்கள்!

ஞாபகம் பற்றிய பாடம் என் காதையே மாற்றிவிட்டது. 1974இல் அமெரிக்காவில் எலிசபெத் லொஃப்டஸும் ஜோன் பாமரும் 45 மாணவர்களுக்கு வாகன விபத்துப் படங்களைக் காட்டி, வாகனங்கள் என்ன வேகத்தில் வந்தன என்று கேட்டார்கள். கேள்வியில் ஒரே ஒரு வினைச்சொல்தான் ஆளுக்கு ஆள் மாறியது. நொறுங்க மோதியபோது என்று கேட்கப்பட்டவர்கள் சராசரியாக மணிக்கு 40 மைலுக்குக் கொஞ்சம் மேலே என்றார்கள். தொட்டபோது என்று கேட்கப்பட்டவர்கள் 31.8 மைல் என்றார்கள். இன்னொரு குழுவிடம் ஒரு கிழமை கழித்து, உடைந்த கண்ணாடி கண்டீர்களா என்று கேட்டார்கள். படத்தில் கண்ணாடியே உடையவில்லை. நொறுங்க மோதியது என்று கேட்டிருந்த 50 பேரில் 16 பேர் கண்டோம் என்றார்கள்! ஏ9 வீதியோரத்தில் வளர்ந்த எனக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. ஒரு விபத்து நடந்தால் அடுத்த நாள் தேத்தண்ணிக் கடையில் அதற்கு எத்தனை பதிப்பு! முன்பெல்லாம் யாரோ பொய் சொல்கிறார் என்று நினைப்பேன். ஒருவரும் பொய் சொல்லாமலே ஐந்து கதைகள் உண்டாக முடியும் என்று இப்போது தெரியும். ஒருவர் தன் கதையைச் சொல்லும்போது எப்படிக் கேள்வி கேட்கக் கூடாது என்பதும் தெரியும்.

உயிரியல் உளவியல் இன்னும் மேலே. விளையனூர் எஸ். ராமச்சந்திரன் பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களோ? 1951இல் தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, கலிபோர்னியா போன நம்மவர். கை கால் இழந்தவர்களுக்கு அந்த இல்லாத உறுப்பு வலிப்பதும் ஊறுவதும் ஏன் என்பதை ஆராய்ந்தவர். மூளையில் உடம்பின் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு இடம் உண்டு. உறுப்பு போனாலும் அந்த இடம் போவதில்லை; பக்கத்து இடத்துச் செய்திகள் அதற்குள் கசியத் தொடங்குகின்றன. கைக்குரிய இடத்தின் அயலில் முகத்துக்குரிய இடம். அதனால் சிலருக்குக் கன்னத்தைத் தொட்டால் இல்லாத கை தெரிகிறது. 1990களில் அவர் ஒரு சாதாரணக் கண்ணாடியைப் பெட்டிக்குள் வைத்து, இருக்கிற கையின் பிம்பத்தை இல்லாத கையின் இடத்தில் காட்டினார். இறுகிக் கிடந்த இல்லாத விரல்கள் விரிந்ததாகச் சிலர் உணர்ந்தார்கள். இந்தக் கண்ணாடி முறையை இன்றைக்கும் பல நாடுகளில் பயன்படுத்துகிறார்கள்.

எங்கள் வன்னியில் இது புத்தகச் செய்தி இல்லை. 1987 முதல் யாழ்ப்பாணத்தில் இயங்கும் ஜெய்ப்பூர் செயற்கை உறுப்பு நிலையத்தின் படியேறிய குடும்பங்கள் எங்கள் ஒழுங்கைகளில் எத்தனை! மிதிவெடியில் கால் இழந்த ஒரு மாமாவிடம் இந்தப் பாடத்தை விரித்துச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "இல்லாத கால் கடிக்குது எண்டு சொன்னா விசர் எண்டுவினம் எண்டு நான் இவ்வளவு நாளும் வாயே திறக்கேல்லப் பிள்ளை" என்றார். அவருக்கு விசர் இல்லை, அவர் மூளை அதன் வேலையைத்தான் செய்கிறது என்பதை ஆதாரத்தோடு சொல்ல முடிந்தது. நான் படித்த படிப்புக்கு அந்த ஒரு பின்னேரமே போதும்.

இனிப் பலருக்கு வயிற்றைக் கலக்கும் புள்ளிவிபரவியல். உளவியல் என்றால் கதை கேட்பது, ஆறுதல் சொல்வது என்று நினைத்து வருபவர்களை முதலில் வரவேற்பது இதுதான். சராசரி, நியம விலகல், டி-சோதனை, பி பெறுமானம் என்று தலை சுற்றும். ஆனால் இது விளங்கத் தொடங்கியபோது எனக்குக் கண்ணாடி போட்டதுபோல எல்லாம் துலங்கியது. 2011இல் ஜாமா என்ற மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வு என் கையில் கிடைத்தது. 2009 யூலை முதல் செப்ரெம்பர் வரை, யாழ்ப்பாண மாவட்டத்தில் முகாம்களும் சேர்த்து 1,517 வீடுகளை எடுத்துச் செய்த ஆய்வு. பதகளிப்பு அறிகுறிகள் 32.6 வீதம், மனச்சோர்வு 22.2 வீதம், மனவடுவுக்குப் பிந்திய நெருக்கீடு 7.0 வீதம். அட்டவணையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எங்களைப் பற்றி உலகம் பேசும்போது மனவடு என்ற ஒன்றையே பிடித்துத் தொங்கும். கணக்கோ வேறு கதை சொல்கிறது: எங்கள் சனத்தை அதிகம் தின்பது பதகளிப்பும் சோர்வும். எங்கே கை கொடுக்க வேண்டும் என்பதையே மாற்றிவிடுகிற இலக்கங்கள் அவை.

அதைவிட அருமை, உதவியையே சோதிப்பது. வட கிழக்கில் ஓர் அகதி முகாமில், போரும் சுனாமியும் பார்த்த 31 பிள்ளைகளுக்கு இரண்டு விதமான சிகிச்சைகளைப் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆசிரியர்களே கொடுத்தார்கள். ஒன்று, நடந்ததை வரிசையாகச் சொல்லி ஒரு வாழ்க்கைக் கதையாகக் கட்டுவது. மற்றது, தியானமும் தளர்வுப் பயிற்சியும். ஆறு மாதம் கழித்துக் கதை சொன்னவர்களில் 81 வீதமும் தியானம் செய்தவர்களில் 71 வீதமும் மீண்டிருந்தார்கள். 2009இல் வெளியான ஆய்வு இது. வெளிநாட்டு நிபுணர் பக்கத்திலேயே நிற்க வேண்டும் என்றில்லை; எங்கள் ரீச்சர்மாரே செய்யலாம்! இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. 2012இல் வெளியான இன்னொரு ஆய்வில், வடக்கில் 9 முதல் 12 வயதுவரையான 399 பிள்ளைகளோடு பள்ளிக்கூடத் திட்டம் ஒன்றைச் சோதித்தார்கள். எதிர்பார்த்த பிரதான மாற்றங்கள் பெரிதாக வரவில்லை. திட்டத்தில் சேர்ந்த பெண் பிள்ளைகளின் மனவடு அறிகுறிகள், காத்திருப்புப் பட்டியலில் இருந்த பெண் பிள்ளைகளுடையதைப் போலக் குறையவில்லை. அதை மறைக்காமல் அப்படியே எழுதினார்கள். நல்ல மனசு மட்டும் போதாது, செய்ததை அளந்து பார்க்கவும் வேண்டும் என்று இதைவிட நேர்மையாக எந்தப் பாடம் சொல்லித்தரும்?

பழமொழிக்கும் இந்தப் பாடம் பயப்படாது. சாகத் துணிந்தவனுக்குச் சமுத்திரமும் முழங்கால் என்போம். துணிந்தவரை ஒன்றும் தடுக்காது என்று அர்த்தம். இலங்கையின் கணக்கைப் பாருங்கள். 1995இல் லட்சம் பேருக்கு 47 என்று உலகிலேயே மிக உயர்ந்த வரிசையில் இருந்த தற்கொலை வீதம், 2005 அளவில் பாதியாகிவிட்டது. மிகக் கொடிய பூச்சிமருந்துகளை அரசாங்கம் 1995இலிருந்து படிப்படியாகத் தடை செய்தது அதற்கு முக்கிய காரணம் என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். சாகத் துணிகிற வேகம் பலருக்குச் சிறிது நேரத்தில் தணிவது. அந்த நேரத்தைக் கடந்துவிட்டால் உயிர் தப்புகிறது. விவசாய ஊரில் பிறந்த ஒருத்தி இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியுமோ? மனம் உடைந்தால் 1926 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம், தேசிய மனநல நிறுவனத்தின் உதவித் தொடர்பு அது என்று போகிற வீடெல்லாம் சொல்கிறேன்.

எங்கள் மண்ணின் அறிவும் இந்தப் படிப்புக்குள் இருக்கிறது. யாழ்ப்பாணத்து மனநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போர்க்காலத்திலேயே எங்கள் மக்களின் மனக்காயத்தை ஆராய்ந்தவர். அவருடைய ஆங்கில நூல்கள் 1998இலும் 2014இலும் வந்தன. மேற்குலகச் சோதனைத்தாள்கள் தனி ஆளையே பார்க்கின்றன. இங்கே உடைந்தது குடும்பமும் ஊரும்தான், அதனால் ஆற்றுவதும் ஊராகச் சேர்ந்துதான் என்பது அவர் வாதம். யாழ்ப்பாணத்தில் 1987இல் தொடங்கிய சாந்திகம் எத்தனையோ பேரை உளவளத்துணைக்குப் பழக்கியது. கொழும்புத்துறைக் குருமடத்திலிருந்து வந்த "நான்" உளவியல் சஞ்சிகை, பல்கலைக்கழகம் போகாதவருக்கும் தமிழில் உளவியல் கொடுத்தது. பாடநூலில் போலின் பொஸ் என்ற அமெரிக்க ஆய்வாளரின் கோட்பாட்டை வாசித்தபோது காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டு அம்மாக்கள் இருந்த கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடி எனக்கு நினைவுக்கு வந்தது. ஆள் இல்லை, ஆனால் போய்விட்டார் என்று உறுதியும் இல்லை. அப்படியான இழப்பில் துக்கம் உறைந்து நிற்கும், அது துக்கப்படுபவரின் நோயல்ல, அவரை நிறுத்திவைத்திருக்கிற நிலைமை என்கிறார் பொஸ். 2017 பெப்ரவரியில் அங்கே போராட்டத்தில் இருக்கத் தொடங்கிய அம்மாக்களை "இன்னும் மறக்கேல்லையோ" என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு அத்தியாயத்தை வாசித்துக்காட்ட வேண்டும்.

குறை இல்லையோ? இருக்கிறது. ஆங்கிலம் முதல் வருடம் முழங்காலை உடைக்கும். கட்டணம் கட்ட வேண்டும். மின்சாரம் போகிற இரவில்தான் ஒப்படை அனுப்புகிற கடைசி நாளும் வரும். பாடநூல் உதாரணமெல்லாம் அமெரிக்கக் கல்லூரி மாணவரைச் சுற்றியே நிற்கும். மனிதகுலத்தின் சிறு பகுதியை வைத்து முழு மனிதரைப் பற்றியும் எழுதுகிறோம் என்று 2010இல் ஹென்ரிக் என்ற ஆய்வாளரும் தோழர்களும் உளவியலாளரையே கடிந்தார்கள். 2015இல் பழைய ஆய்வுகள் 100ஐத் திரும்பச் செய்து பார்த்தபோது, 36 வீதத்தில்தான் அதே மாதிரியான முடிவு உறுதிப்பட்டது. பலர் இதைச் சொல்லி உளவியலைக் கேலி செய்வார்கள். நானோ இதற்காகவே இதைக் கூடுதலாக நம்புகிறேன். தன் வீட்டுக் குப்பையைத் தானே கூட்டி முற்றத்தில் போட்டுக்காட்டிய துறை இது!

இனி அந்த மூன்றாவது கேள்வி. இந்தப் பட்டத்தோடு நாளைக்கே சிகிச்சை உளவியலாளர் என்று பெயர்ப்பலகை மாட்ட முடியாது. அதற்குக் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் இருப்பதுபோன்ற மேற்பட்டமும் பயிற்சியும் பதிவும் வேண்டும். ஆனால் பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். பள்ளிக்கூடங்களுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் ஆய்வுத் திட்டங்களுக்கும் ஆள் தேவை. எல்லாவற்றுக்கும் மேலாக, தமிழில், எங்கள் பேச்சில், எங்கள் கதையை விளக்கம் கேட்காமலே விளங்கிக்கொள்கிற உளவியலாளர் இங்கே மிகக் குறைவு. வேலை இருக்கிறதோ என்று கேட்கிறீர்கள். வேலை மலைபோலக் குவிந்து கிடக்கிறது. செய்யத்தான் ஆள் இல்லை.

ஆகவே உயர்தரம் எழுதிவிட்டு நிற்கிற தம்பி தங்கைகளே, மருத்துவமும் பொறியியலும் கிடைக்கவில்லை என்று மூலையில் இருக்காதீர்கள். உயிரியல் படித்திருந்தாலும் கலை படித்திருந்தாலும் திறந்த பல்கலைக்கழக விண்ணப்ப அறிவித்தல் வரும்போது தகைமையைப் பாருங்கள், ஆங்கிலத்தை இன்றைக்கே தொடங்குங்கள், கணக்குக்குப் பயப்படாதீர்கள். அம்மா அப்பாமாரே, பிள்ளை உளவியல் என்று வாய் திறந்தால் "உது என்ன படிப்பு" என்று மடக்காமல் ஒருக்கால் முழுதாகக் கேளுங்கள். வன்னிக்கு இன்னும் பத்து எஞ்சினியர் வந்தால் நல்லது. பத்து உளவியலாளர் வந்தால் அதைவிட நல்லது.